எச்சரிக்கை சரியான வரியைக் காட்ட வேண்டும். ஓட்டமும் குறையக் கூடாது

கேள்வி:

ஐயா, மண்டூரில் சாதாரண தரப் பிள்ளைகளுக்குத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறேன். உயர்தரத்துக்குப் போனால் அவர்கள் பைத்தன் படிக்க வேண்டிவரும். அதற்கு முன் தமிழிலேயே நிரல் எழுதிக் கை பழகட்டும் என்று, 'எழில்' மொழியைப் பார்த்து அதன் சொற்களையே எடுத்துக்கொண்டு, சி-யில் ஒரு சின்ன மொழி எழுதியிருக்கிறேன். நிரலைப் பைட்கோடாக மாற்றி ஓட்டுகிறது. நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் எச்சரிக்கைகள் தவறான வரியைக் காட்டுகின்றன. ஒரு பிள்ளை எழுதியதைப் பாருங்கள்:

1  @( மழை > 50 ) ஆனால்
2      பதிப்பி "பாதை ஓடாது"
3  @( நீர்மட்டம் > 3 ) இல்லைஆனால்
4      பதிப்பி "கவனமாக ஏறவும்"
5  முடி

மழைக்கு மதிப்பு உண்டு; 'நீர்மட்டம்' என்ற மாறிக்கு அந்தப் பிள்ளை மதிப்பே கொடுக்கவில்லை. பிழை 3ஆம் வரியில். என் இன்டர்பிரெட்டரோ "வரி 1: மாறிக்கு மதிப்பு இல்லை" என்கிறது. பிள்ளை 1ஆம் வரியில் உள்ள மழையையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒரு கோவையைப் பல வரிகளில் பிரித்து எழுதினால் இன்னும் மோசம். கடைசி வரியை, சில வேளை அதற்கும் அடுத்த வரியைக் காட்டுகிறது.

இதைத் திருத்த, ஒவ்வொரு கோவைக்கும் முன்னால் 'இப்போது இந்த வரி' என்று சொல்லும் தனிக் கட்டளை ஒன்றைப் பைட்கோடில் சேர்த்தேன். வரி சரியாக வந்தது. ஆனால் பத்து லட்சம் தடவை சுற்றும் லூப் கண்ணுக்குத் தெரியும்படி மந்தமாகிவிட்டது. பிள்ளைகளிடம் இருப்பவை பழைய கணினிகள். வரியைச் சரியாகக் காட்டினால் வேகம் போகிறது, வேகத்தைப் பிடித்தால் வரி போகிறது. இரண்டும் கிடைக்க வழி உண்டா? இன்னொன்று: பிழையான இடத்துக்குக் கீழே ^ குறி போடப் பார்த்தேன். தமிழ் எழுத்து வந்தாலே குறி எங்கோ போய் நிற்கிறது.

— ஒரு வாசகர், மண்டூர்

பதில்:

இரண்டும் கிடைக்கும். வரி எண்ணை ஓடும் கட்டளைகளோடு கலக்காதீர்கள். கம்பைல் செய்யும்போதே அதைத் தனி அட்டவணையில் எழுதி வையுங்கள். எச்சரிக்கை எழும் அந்தக் கணத்தில் மட்டும் அட்டவணையைப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் வீட்டு விலாசம் அலுவலகத்துச் சேர்வு இடாப்பில் இருக்கும். ஆசிரியர் ஒவ்வொரு பாடத்துக்கும் அதைச் சுமந்துகொண்டு வகுப்புக்குப் போவதில்லை. வீட்டுக்குத் தகவல் அனுப்ப வேண்டிய நாளில்தான் அதை எடுத்துப் பார்ப்பார். வரி எண்ணும் அப்படிப்பட்ட விலாசம்தான்.

நீங்கள் செய்த தனிக் கட்டளை வழி புதிதல்ல. பைத்தனிலும் 2.2 பதிப்பு வரை 'செட் லைன்நோ' என்ற கட்டளை இருந்தது. ஒவ்வொரு கூற்றுக்கும் முன்னால் அது ஓடி, நடப்பு வரி எண்ணைப் பதியும். 2003 ஜூலையில் வந்த 2.3 பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். எந்தக் கட்டளை எந்த வரியிலிருந்து பிறந்தது என்ற அட்டவணை அதற்கு முன்பே பைத்தனில் இருந்தது; வரி எண் தேவைப்படும்போது அதிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். கட்டளை போனதால் வேகமும் சற்றுக் கூடியது.

அந்தக் கட்டளை ஏன் அவ்வளவு பாரம்? 'அ = அ + 1' என்ற கூற்றை எடுத்துக்கொள்ளுங்கள். மாறியை எடு, 1ஐ எடு, கூட்டு, மாறியில் வை என்று நான்கு கட்டளைகள். வரிக் கட்டளை ஒன்று சேர்ந்தால் ஐந்து. இன்டர்பிரெட்டர் எடுத்து, பிரித்து, தாவ வேண்டிய தடவைகள் கால் பங்கு கூடுகின்றன. நீங்கள் கூற்றுக்கு ஒன்று என்றுகூட நிறுத்தவில்லை, கோவைக்கு ஒன்று போட்டிருக்கிறீர்கள். எச்சரிக்கையே வராத நிரலும் இந்தச் செலவை ஒவ்வொரு சுற்றிலும் கட்டுகிறது.

உங்கள் 'இல்லைஆனால்' சிக்கல் அப்படியே பெர்ள் மொழியில் இருந்தது. பெர்ளில் ஒவ்வொரு கூற்றின் தொடக்கத்திலும் 'நெக்ஸ்ட்ஸ்டேட்' என்ற கட்டளை ஓடுகிறது. தற்காலிக மதிப்புகளை விடுவிப்பதும், நடப்பு வரியைக் குறிப்பதும் அதன் வேலை. எச்சரிக்கை எழும்போது, கடைசியாக ஓடிய நெக்ஸ்ட்ஸ்டேட் எந்த வரியைச் சொன்னதோ அதுதான் அச்சாகும். 'எல்ஸ்இஃப்' நிபந்தனை தனிக் கூற்று அல்ல. அதனால் அதற்குரிய நெக்ஸ்ட்ஸ்டேட்டும் இல்லை. அங்கே நேர்ந்த குறைக்கு மேலே இருந்த 'இஃப்' வரியே பழி சுமந்தது. பிறகு எல்ஸ்இஃப் நிபந்தனைக்கும் ஒரு நெக்ஸ்ட்ஸ்டேட்டைச் சேர்த்துத் திருத்தினார்கள். வரி சரியானது, ஆனால் ஓடும்போது ஒரு கட்டளை கூடியது. பெர்ள் 1987இல் பிறந்த மொழி. அதன் உள்ளமைப்பே இந்தக் கட்டளையைச் சுற்றி வளர்ந்தது. உங்கள் மொழி இன்னும் சின்னப் பிள்ளை. இப்போதே மாற்றிவிடலாம்.

இனிச் செய்முறை. கட்டளைகள் இருக்கும் வரிசைக்கு இணையாக, அதே நீளத்தில் இன்னொரு வரிசை வையுங்கள். 40ஆம் இடத்தில் ஒரு கட்டளை எழுதும்போது, இணை வரிசையின் 40ஆம் இடத்தில் அது பிறந்த வரியையும், தொடங்கும் பைட், முடியும் பைட் ஆகியவற்றையும் எழுதுங்கள். வரிக் கட்டளைகள் அத்தனையையும் நீக்குங்கள். எச்சரிக்கை தரும் செயற்கூறு, கட்டளைச் சுட்டி நிற்கும் இடத்தை எடுத்து இணை வரிசையில் பார்த்துச் சொல்லட்டும். ஓடும் பாதையில் ஒரு கட்டளைகூடக் கூடவில்லை. இணை வரிசை நினைவகத்தில் வேறு இடத்தில் இருப்பதால், எச்சரிக்கை வரும்வரை அதை யாரும் தொடுவதுமில்லை. கேஷிலும் இடம் பிடிக்காது.

இங்கே இரண்டு குழிகள் உண்டு. முதலாவது: பெரும்பாலான இன்டர்பிரெட்டர்களில் கட்டளையை எடுத்தவுடனேயே சுட்டி அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடும். எச்சரிக்கை எழும்போது அது நிற்பது அடுத்த கட்டளையில். ஆகவே ஒன்றைக் கழித்துப் பார்க்க வேண்டும். "சில வேளை அடுத்த வரியைக் காட்டுகிறது" என்றீர்களே, அதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். இரண்டாவது: வேகத்துக்காகச் சுட்டியை உள்ளூர் மாறியில் வைத்திருப்பீர்கள். அதை எச்சரிக்கைச் செயற்கூறு பார்க்கக்கூடிய இடத்தில் எழுதிவிட்டுத்தான் அழைக்க வேண்டும். எல்லாக் கட்டளைகளிலும் எழுதத் தேவையில்லை. வகுத்தல், மாறியைப் படித்தல், செயற்கூறு அழைப்பு போன்று எச்சரிக்கையோ பிழையோ எழக்கூடிய கட்டளைகளில் மட்டும் எழுதினால் போதும். லுவா மொழியின் இன்டர்பிரெட்டர் இப்படித்தான் செய்கிறது.

நினைவகம் வீணாகுமே என்று நினைத்தால், உங்கள் பிள்ளைகளின் நிரல் அளவுக்கு அது பொருட்டே இல்லை. பின்னால் வேண்டுமானால் சுருக்கலாம். 2020இல் வந்த லுவா 5.4, ஒவ்வொரு கட்டளைக்கும் முழு வரி எண்ணை வைக்காமல், முந்தைய கட்டளையிலிருந்து எத்தனை வரி தள்ளி என்பதை மட்டும் ஒரே பைட்டில் வைக்கிறது. இடையிடையே முழு எண்ணையும் குறித்துக்கொள்கிறது. பைத்தன் 3.11, 2022 அக்டோபரில் வந்தபோது, வரியோடு நிற்காமல் வரிக்குள் எந்தத் துண்டு என்பதையும் அட்டவணையில் சேர்த்தது. சேமிக்கப்படும் பைட்கோடு கோப்புகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பெருத்தன. அதே பதிப்புத்தான், வேறு மேம்பாடுகளின் பலனாக, 3.10ஐவிடச் சராசரியாக 25 சதவீதம் வேகமாக ஓடியது. இடத்தை நுணுக்கமாகச் சொன்னால் ஓட்டம் குறையும் என்ற அச்சத்துக்கு இதைவிட நல்ல மறுமொழி இல்லை. செலவு வட்டில் விழுந்தது, லூப்பில் விழவில்லை.

நம் நாட்டிலும் சான்று உண்டு. கொழும்பில் டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் உருவாக்கிய பாலரீனா மொழி, 2019இல் வந்த 1.0 பதிப்பிலிருந்து ஜாவா இயந்திரத்துக்கான பைட்கோடாக மாறுகிறது. ஜாவாவின் கிளாஸ் கோப்பில் வரி எண் அட்டவணை தனிப் பகுதியாக நிற்கும். கட்டளைகளை ஓட்டும்போது இயந்திரம் அதைப் பார்ப்பதில்லை. பாலரீனா கம்பைலர் தரும் பிழைச் செய்திகளில் தொடக்க வரி, தொடக்க இடம், முடிவு வரி, முடிவு இடம் என நான்கு எண்களும் இருக்கும். நீங்களும் தொடக்கத்தை மட்டும் வைக்காமல் முடிவையும் வையுங்கள். பல வரிக் கோவைகளில் அதன் அருமை தெரியும்.

அட்டவணை வைத்துவிட்டால் மட்டும் வரி சரியாகிவிடாது. அதில் எதை எழுதுகிறோம் என்பதில்தான் பாதித் தவறுகள் பிறக்கின்றன. உங்கள் பார்சர் ஒரு கோவையைப் படித்து முடிக்கும்போது, அது முடிந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள அடுத்த டோக்கனையும் எடுத்துப் பார்த்திருக்கும். அந்த டோக்கன் அடுத்த வரியில் இருக்கலாம். அந்த நேரத்தில் லெக்சரிடம் "இப்போது எந்த வரி?" என்று கேட்டு எழுதினால், அது லெக்சர் நிற்கும் வரி, கோவை நின்ற வரி அல்ல. பல வரிக் கோவைக்குக் கடைசி வரி வருவது இதனால்தான். லெக்சரிடம் கேட்பதை அடியோடு விடுங்கள். ஒவ்வொரு டோக்கனும் பிறக்கும்போதே தன் வரியையும் இடத்தையும் கையோடு கொண்டுவரட்டும். கோவையின் இடம் என்பது அதன் முதல் டோக்கனின் தொடக்கம் முதல் கடைசி டோக்கனின் முடிவு வரை.

நீங்கள் முன்மாதிரியாக எடுத்த எழில் இதில் சரியான பாதையில்தான் நிற்கிறது. முத்தையா அண்ணாமலை பைத்தனில் எழுதிய மொழி அது. 2009இல் அதைப் பற்றி ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டார். எழில் பைட்கோடு ஆக்குவதில்லை, தொடரியல் மரத்தையே நடந்து ஓட்டுகிறது. மரத்தின் ஒவ்வொரு கணுவும் தன் வரியையும் இடத்தையும் கொண்டிருக்கிறது. மரத்தை நடக்கும் இன்டர்பிரெட்டருக்குத் தனி அட்டவணை வேண்டாம், கணுவே அட்டவணை. நீங்கள் பைட்கோடுக்கு மாறியபோது மரத்தைக் கைவிட்டீர்கள், அதோடு இடமும் போய்விட்டது. மரத்திலிருந்து கட்டளை எழுதும் செயற்கூறுக்குக் கணுவையும் சேர்த்து அனுப்பினால், இடம் அட்டவணைக்குத் தானாக வந்து சேரும்.

எந்தக் கணுவை அனுப்புவது என்பதையும் யோசியுங்கள். 'நீர்மட்டம் > 3' என்பதில் மதிப்பில்லாதது நீர்மட்டம். ஆகவே மாறியைப் படிக்கும் கட்டளைக்கு அந்த மாறியின் இடம் வேண்டும், முழு நிபந்தனையின் இடம் அல்ல. சைபரால் வகுத்தால் வகுத்தல் குறியையும் வகுத்தியையும் காட்டுங்கள். செயற்கூறு அழைப்பில் உள்ளீடு குறைந்தால் செயற்கூறின் பெயரைக் காட்டுங்கள். பிள்ளை எந்த இடத்தில் கை வைத்துத் திருத்த வேண்டுமோ அந்த இடம்தான் சரியான இடம்.

பைட்கோடைச் சுருக்கும் வேலை ஏதும் செய்கிறீர்களா? '60 * 60' என்பதை முன்கூட்டியே 3600 ஆக்கினால், புதிய கட்டளைக்கு அந்த முழுக் கோவையின் இடத்தைக் கொடுங்கள். ஒரு கட்டளையை நீக்கினால் இணை வரிசையிலும் அதே இடத்தை நீக்குங்கள். இதை மறந்தால் அந்த இடத்துக்குப் பிறகு வரும் எல்லா எச்சரிக்கைகளும் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போகும். காரணம் கண்டுபிடிப்பதும் பெரும்பாடு.

இன்னொரு மிச்சப்படுத்தல் உண்டு. ஓடாமலேயே சொல்லக்கூடிய எச்சரிக்கைகளைக் கம்பைல் செய்யும்போதே சொல்லிவிடுங்கள். உங்கள் உதாரணத்தில் நீர்மட்டத்துக்கு நிரலில் எங்குமே மதிப்பு தரப்படவில்லை. இது ஓட்டிப் பார்த்துத் தெரிய வேண்டிய செய்தியல்ல. மாறிக்கு மதிப்பு கொடுத்துவிட்டு எங்கும் பயன்படுத்தாதது, செயற்கூறிலிருந்து வெளியேறும் 'பின்கொடு'வுக்குக் கீழே ஒருபோதும் ஓடாத வரிகள் இருப்பது ஆகியவையும் இந்த வகை. டோக்கனும் மரமும் அப்போது கையிலேயே இருப்பதால் இடம் துல்லியமாக வரும். இன்டர்பிரெட்டருக்குச் செலவே இல்லை. மதிப்பைப் பொறுத்து எழும் எச்சரிக்கைகளை மட்டும் ஓட்டத்துக்கு விடுங்கள்.

அப்படி விட்டவற்றிலும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். பத்து லட்சம் சுற்று லூப்புக்குள் ஓர் எச்சரிக்கை இருந்தால், பத்து லட்சம் தடவை அச்சிடுவதே கணினியை முடக்கிவிடும். ஒரே இடத்திலிருந்து ஒரு தடவை மட்டும் சொன்னால் போதும். பைத்தனின் எச்சரிக்கை முறையிலும், ஒரே இடத்திலிருந்து ஒரே எச்சரிக்கை திரும்ப வந்தால் முதல் தடவையை மட்டும் காட்டும் வழி இருக்கிறது. கட்டளை எண்ணையே அடையாளமாக வைத்து, இங்கிருந்து ஏற்கெனவே சொல்லியாயிற்றா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இனி ^ குறி. 'மண்டூர்' என்று எழுதினால் நம் கணக்கில் எழுத்து நான்கு. யூனிகோடு கணக்கில் ம, ண, புள்ளி, ட, ஊகாரக் குறி, ர, புள்ளி என ஏழு. யூடிஎஃப்-8 கோப்பில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வீதம் இருபத்தொன்று. சி-யில் பைட்களை எண்ணி அத்தனை இடைவெளி விட்டால், குறி எங்கோ போய் நிற்பதில் வியப்பில்லை. ஏழு என்று எண்ணினாலும் தள்ளித்தான் நிற்கும், நான்கு என்றாலும் சரியாக விழும் என்று உறுதி சொல்ல முடியாது. தமிழ் எழுத்துகள் ஒரே அகலம் உடையவை அல்ல; ஒவ்வொரு திரையும் எழுத்துருவும் ஒவ்வொரு விதமாக வரையும்.

ஆகவே உள்ளே பைட் கணக்கையே வையுங்கள். அது மலிவு, குழப்பமற்றது. பைத்தன் 3.11உம் அட்டவணையில் பைட் எண்ணையே வைத்து, காட்டும்போது மாற்றிக்கொள்கிறது. வெளியே காட்டும்போது ^ குறியை நம்பாமல், பிழையான துண்டையே எடுத்து எழுதுங்கள்: "வரி 3, 2ஆம் சொல்: 'நீர்மட்டம்' — இதற்கு இன்னும் மதிப்பு தரவில்லை." தொடக்க பைட்டும் முடிவு பைட்டும் கையில் இருப்பதால் துண்டை வெட்டி எடுப்பது எளிது. குறி போட்டே ஆக வேண்டுமென்றால், அந்தத் துண்டுக்கு நிறம் கொடுங்கள். எத்தனையாவது எழுத்து என்று சொல்ல வேண்டுமானால் புள்ளியையும் உயிர்க்குறியையும் முன்னெழுத்தோடு சேர்த்து எண்ணுங்கள். பைத்தனில் ஓபன்-தமிழ் நூலகம் இதைச் செய்து தரும்.

கடைசியாக, தமிழுக்கே உரிய ஒரு பொறி. 'பொருள்' என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம். எகரக் குறி, கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். பாமினி எழுத்துருவிலிருந்து மாற்றிய உரையை ஒட்டினால் இரண்டாவது வடிவம் வர வாய்ப்புண்டு. பிள்ளை முதல் வடிவத்தில் மதிப்பு கொடுத்து, இரண்டாம் வடிவத்தில் படித்தால், எச்சரிக்கை சரியான வரியையே காட்டும். பிள்ளைக்கு ஒன்றும் புரியாது. மாறிப் பெயரைப் பதியும் முன் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். பைத்தன் பெயர்களுக்கு அப்படித்தான் செய்கிறது. ஆனால் முழுக் கோப்பையும் முதலிலேயே மாற்றிவிடாதீர்கள். பைட் எண்கள் நகர்ந்துவிடும். பெயரை மட்டும் மாற்றுங்கள், இடம் மூலக் கோப்பின் இடமாகவே இருக்கட்டும்.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் பத்து லட்சம் சுற்று லூப் ஒன்றை வரிக் கட்டளைகளோடும், அவை இல்லாமலும் ஓட்டி இரண்டு நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு டோக்கனில் இடத்தைச் சேருங்கள், அட்டவணையை வையுங்கள், வரிக் கட்டளைகளை நீக்குங்கள், மறுபடி நேரம் பாருங்கள். வரிக் கட்டளை இல்லாத பழைய நேரத்துக்கு அது கிட்டத்தட்ட வந்துவிட வேண்டும். வராவிட்டால், ஓடும் பாதையில் எங்கோ இன்னும் வரி எண்ணைத் தொடுகிறீர்கள் என்று அர்த்தம். பிள்ளைகள் செய்த தவறுகளையே சின்னச் சின்ன நிரல்களாகச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் எந்த வரி, எந்தத் துண்டு காட்டப்பட வேண்டும் என்று எழுதி வையுங்கள். கம்பைலரில் கை வைக்கும் ஒவ்வொரு தடவையும் அவற்றை ஓட்டிப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய ஐந்து வரி நிரலே அந்தத் தொகுப்பின் முதல் சோதனையாக இருக்கட்டும்.